மூச்சுக்கு மாதத் தவணை

செவ்வாய்க் கிரகத்தில் நீங்கள் குடியேறப்போகும் வீட்டின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தப்பித்திருக்க வழியில்லை. எங்காவது ஒரு கட்டடக்கலைப் போட்டி நடந்துகொண்டே இருக்கிறது. பரிசு வாங்கிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிடுகிறது. படத்தில் பெரிய கண்ணாடிச் சன்னல் ஒன்று கட்டாயம் இருக்கும். வெளியே சிவந்த பாலை. உள்ளே ஒல்லியான ஒரு பெண் காப்பிக் கோப்பையோடு நின்று தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூலையில் ஒரு தொட்டிச் செடி. விளையாடும் குழந்தை. ஒருவருக்கும் தொப்பை கிடையாது. எல்லார் முகத்திலும் வீட்டுக்கடனை அடைத்து முடித்தவர்களுக்கு மட்டும் வாய்க்கும் தெளிவு.

அந்தப் படங்களில் நான் ஒருவரைத் தேடுவேன். காற்று வடிகட்டியில் அடைத்த தூசியைத் தட்டுகிறவர். கழிவறைக் குழாயில் கைவிட்டு அடைப்பெடுக்கிறவர். அந்தக் காப்பிக் கோப்பையைக் கழுவி வைக்கிறவர். இதுவரை அகப்படவில்லை. ஒருவேளை அவர் படத்தின் சட்டத்துக்கு வெளியே, மூச்சுக்காற்று இல்லாத பக்கத்தில் நிற்கிறாரோ என்னவோ.

இந்த ஓவிய மரபுக்கு ஐம்பது வயது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீல் 1974-ல் விண்வெளிக் குடியேற்றம் பற்றிக் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு கோடையில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் பேராசிரியர்களும் பொறியாளர்களும் கூடி, ஸ்டான்ஃபோர்டு வளையம் என்ற நகரத்தை வடிவமைத்தார்கள். 1.8 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சக்கரம், நிமிடத்துக்கு ஒரு சுற்று, உள்ளே 10,000 பேர். அப்போது வரைந்த படங்கள் இன்றும் அழகாகத்தான் இருக்கின்றன: புல்வெளி, ஓடை, அடுக்கு வீடுகள், மேல்நோக்கி வளைந்து போகும் ஊர். அந்தச் சக்கரத்தின் எடை சுமார் 1 கோடி டன். அதில் பெரும்பகுதி, கதிர்வீச்சைத் தடுக்க நிலவிலிருந்து வெட்டிக் கொண்டுவரவேண்டிய மண். ஆளுக்கு ஆயிரம் டன் வருகிறது. இந்தக் கணக்கையெல்லாம் அறிக்கையிலேயே ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டது என்னவோ புல்வெளி மட்டும்தான்.

ஓ'நீலின் பேச்சைப் பிரின்ஸ்டனில் கேட்ட மாணவர்களில் ஒருவர், பின்னாளில் அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ். 2019 மே மாதம் வாஷிங்டனில் மேடை போட்டு, குருநாதரின் உருளை நகரங்களைப் புதுப் படங்களாகக் காட்டினார். சூரியக் குடும்பத்தில் ஒரு லட்சம் கோடி மனிதர்கள் வாழ்வார்களாம். அப்போது ஆயிரம் மொசார்ட்டும் ஆயிரம் ஐன்ஸ்டைனும் நமக்குக் கிடைப்பார்களாம். நல்லது. பூமியில் இப்போதே 800 கோடிப் பேர் இருக்கிறோம். இதில் எத்தனை மொசார்ட் அவருடைய கிடங்குகளில் அட்டைப்பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுத்துவிட்டு மேலே போயிருக்கலாம். ஆயிரம் மொசார்ட்டுக்கு எத்தனை கோடித் துப்புரவாளர் தேவை என்ற விகிதக் கணக்கையும் மேடையில் சொல்லவில்லை.

சன்னலுக்கு வருவோம். செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி அங்கே தரைமட்டக் கதிர்வீச்சை அளந்திருக்கிறது. பூமியில் நாம் ஓர் ஆண்டு முழுக்க வாங்குகிற சராசரி அளவை அங்கே நான்கே நாளில் வாங்கிவிடலாம். காற்றழுத்தம் இங்கே இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் அங்கே மண்ணைக் கிளறியபோது பெர்குளோரேட் உப்பு கிடைத்தது. தைராய்டைக் கெடுக்கும் அந்த நஞ்சைக் கழுவி எடுக்காமல் அந்த மண்ணில் ஒரு கீரை விதைக்க முடியாது. ஆகவே அங்கே குடும்பம் நடத்தவேண்டுமானால் தலைக்கு மேல் சில மீட்டர் மண்ணை மூடிக்கொண்டு உள்ளே கிடக்கவேண்டும். காப்பிக் கோப்பைப் பெண்மணி சன்னலருகே நின்று பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. சன்னலே இல்லை.

கட்டடக் கலைஞர்களுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வரைகிறார்கள். 2017-ல் துபாய், பாலைவனத்தில் 19 லட்சம் சதுர அடியில் செவ்வாய் நகரத்தின் ஒத்திகை ஊரை எழுப்பப்போவதாக அறிவித்தது. 2019-ல் நாசாவின் போட்டியில் மார்ஷா என்ற முட்டை வடிவக் கோபுரம் 5 லட்சம் டாலர் வென்றது. 2021-ல் நூவா வந்தது: செங்குத்துப் பாறையைக் குடைந்து இரண்டரை லட்சம் பேருக்கு ஒரு நகரம். ஹூஸ்டனில் முப்பரிமாண அச்சில் வார்த்த 1,700 சதுர அடி வீட்டுக்குள் நான்கு பேர் 378 நாள் இருந்துவிட்டு 2024 ஜூலையில் வெளியே வந்தார்கள். அவர்கள் மூச்சு விட்டது டெக்சாஸ் காற்று. எல்லாத் திட்டத்தின் முகப்பிலும் நீடித்த, நிலையான, தற்சார்பான, பசுமையான என்று நாலு சொல் வரிசையாக நிற்கும். கோயில் வாசலில் துவாரபாலகர் நிற்பதுபோல. உள்ளே கர்ப்பக்கிரகத்தில் யார் இருக்கிறார் என்று கேட்டால்தான் பதில் வராது.

உண்மையாகவே காற்றைப் பூட்டிப் பார்த்த ஒரு கட்டடம் உண்டு. எட்வர்ட் பாஸ் என்ற டெக்சாஸ் எண்ணெய்ச் செல்வரின் பணம், சுமார் 15 கோடி டாலர், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கண்ணாடியும் எஃகுமாக எழுந்து நின்றது. பெயர் பயோஸ்பியர் 2. முதலாவது பயோஸ்பியர் நாம் இருப்பது. மூன்றே கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த அந்த வீட்டுக்குள் மழைக்காடு, சவானா, பாலை, சதுப்புநிலம், பவளப்பாறையோடு ஒரு குட்டிக் கடல், வயல் எல்லாம் வைத்தார்கள். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு வெளியிலிருந்து ஒன்றும் வராது என்பது ஒப்பந்தம்.

இரண்டு வாரத்துக்குள் ஒருவர் நெல்லடிக்கும் எந்திரத்தில் விரல் நுனியை வெட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். திரும்பி வந்தபோது கூடவே ஒரு பையும் வந்தது. அது போகட்டும். மாதங்கள் போகப் போக உள்ளே ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே வந்தது. 21 சதவீதத்திலிருந்து 14 சொச்சம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, இரவில் தூக்கம் வரவில்லை. எங்கே கசிகிறது என்று தேடினார்கள். கசியவில்லை. வயலில் வளமாகப் போட்ட எருமண்ணில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விட்டன. அந்தக் கரியமில வாயுவைச் செடிகள் எடுத்துக்கொண்டு ஆக்சிஜனாகத் திருப்பித் தந்திருக்கவேண்டும். நடுவில் ஒருவர் வழிமறித்தார்: கான்கிரீட். புதிதாக வார்த்த சுவர் கரியமில வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்பாக மாற்றித் தன்னுள் வைத்துக்கொண்டது. குடியிருந்தவர்களின் மூச்சை வீடே குடித்தது. உலகத்தில் எந்த ஊர் மேஸ்திரியும் இதுவரை வாங்காத கெட்ட பெயர் இது.

1993 ஜனவரியில் லாரியில் திரவ ஆக்சிஜன் கொண்டுவந்து உள்ளே செலுத்தினார்கள். மகரந்தம் சேர்க்கக் கொண்டுபோன பூச்சிகள் செத்தன. கரப்பானும் எறும்பும் செழித்தன. சர்க்கரைவள்ளிக் கிழங்கையே தின்று சிலருக்குத் தோல் ஆரஞ்சு நிறமானது. எட்டுப் பேரும் நாலுக்கு நாலாகப் பிரிந்து, ஒரு கோஷ்டி இன்னொரு கோஷ்டியோடு பேசுவதில்லை. ஆனாலும் அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. பசித்துக் கிடந்தும், மூச்சுத் திணறியும், இரண்டு ஆண்டை முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். அந்தக் கட்டடம் உண்மையைச் சொன்னது. இன்று அது அரிசோனா பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது, நல்ல ஆய்வுகள் நடக்கின்றன.

கட்டடக்கலை மாணவர்களுக்குச் சொல்லித்தரவேண்டிய பாடம் அதற்குப் பிறகு நடந்தது. 1994 மார்ச்சில் இரண்டாவது குழு உள்ளே போனது. ஏப்ரல் முதல் தேதி வெளியே முதலாளிக்கும் நிர்வாகிகளுக்கும் சண்டை முற்றி, நீதிமன்ற உத்தரவோடு மத்திய அரசின் காவலர்கள் வந்து நிர்வாகத்தை வெளியேற்றினார்கள். புது நிர்வாகப் பொறுப்புக்கு வந்தவர் ஒரு முதலீட்டு வங்கியாளர், பெயர் ஸ்டீவ் பானன். ஆம், அதே ஆள்தான். பின்னாளில் டிரம்ப்புக்கு ஆலோசகராக இருந்தவர். சில நாளில் முதல் குழுவைச் சேர்ந்த இருவர், உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்புக்குப் பயந்து, இரவோடிரவாக வந்து கதவின் முத்திரையை உடைத்தார்கள். இரண்டாவது குழுவின் பயணம் ஆறு மாதத்தில் முடிந்தது. உள்ளே இருப்பவர் என்ன சுவாசிக்கிறார் என்பதை வெளியே இருப்பவர்களின் பங்குத் தகராறு தீர்மானிக்கும் வீடு அது. அரிசோனாவில் இருந்ததால் கதவை உடைத்தார்கள். கதவுக்கு வெளியே காற்று இருந்தது.

அடுத்து நிஜ விண்வெளி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பரிலிருந்து இடைவிடாமல் ஆட்கள் இருக்கிறார்கள். 10,000 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய வீடு. சாதாரணமாக ஏழு பேர் குடியிருப்பு. சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்திகரித்து 98 சதவீதத் தண்ணீரை மீட்கிறோம் என்று 2023-ல் நாசா அறிவித்தது. உண்மையான சாதனை. சோறும் உதிரிப் பாகமும் இன்னும் கீழிருந்துதான் போகின்றன. இந்தச் சிறுநீர்ச் சாதனையோடு சேர்த்துப் படிக்கவேண்டிய இன்னொரு செய்தி 2021 ஏப்ரலில் வந்தது. தங்கள் ஓட்டுநர்கள் பாட்டிலில் சிறுநீர் கழிப்பதாகச் சொல்வதெல்லாம் பொய் என்று கிண்டலாக மறுத்த அமேசான் நிறுவனம், அப்படி நடப்பது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கழிவறைக்கு வண்டியை நிறுத்த நேரமில்லாதபடி அவர்களுக்கு வேலை. அதே ஆண்டு ஜூலையில் பெசோஸ் விண்ணுக்குப் பறந்து பத்து நிமிடத்தில் திரும்பி, தொப்பியோடு மேடையேறி, இதற்கெல்லாம் காசு கொடுத்தது நீங்கள்தான் என்று ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் பொய்யே இல்லை.

ஸ்பேஸ்எக்ஸ் முதலாளி எலான் மஸ்க்கின் நகரம் செவ்வாயில். 2016-ல் மெக்சிகோவில் திட்டத்தை விரித்தார்: பத்து லட்சம் பேர், சீட்டு விலை ஒரு நடுத்தர அமெரிக்க வீட்டின் விலை, ஏறக்குறைய 2 லட்சம் டாலர். 2017-ல் அடிலெய்டில் தேதி குறித்தார்: 2022-ல் சரக்கு இறங்கும், 2024-ல் மனிதர் இறங்குவர். இரண்டு ஆண்டும் வந்து போய்விட்டன. முகூர்த்தம் தள்ளிப்போனதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ராக்கெட் விஷயத்தில் தள்ளிப்போகாதது எதுவுமில்லை. என் வயிற்றைக் கலக்கியது 2020 ஜனவரியில் அவர் எழுதியது. விருப்பமுள்ள எவரும் போகலாம். பணம் இல்லாதவர்களுக்குக் கடன் உண்டு. செவ்வாயில் வேலைகள் ஏராளம்.

யார் வேண்டுமானாலும் வரலாம். கையில் காசில்லையா, முன்பணம் தருகிறோம். அங்கே வேலை கொட்டிக் கிடக்கிறது. இதே மூன்று வாக்கியத்தை இதே வரிசையில் நம் பாட்டன் முப்பாட்டன்கள் கேட்டிருக்கிறார்கள். சொன்னவர் பெயர் கங்காணி. திருச்சி, தஞ்சை, மதுரை, ராமநாதபுரம், சேலம் சீமைக் கிராமங்களில் பஞ்சம் வந்த வருடமாகப் பார்த்து வந்து நிற்பார். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லி ஆள் பிடித்ததாக இலங்கை மலையகத்தில் இன்றைக்கும் கசப்போடு சொல்வார்கள். பழைய கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, துணிமணிக்கு என்று கங்காணி கொடுத்ததெல்லாம் கணக்கில் ஏறும். தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். விழுந்தவர் பட்ட கடன் கூட வந்த உறவுக்காரர் கணக்கில் ஏறுவதும் உண்டு.

போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கம்பெனி வீடு காத்திருந்தது. லயம். ஒரே கூரை, வரிசையாக அறைகள், பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் ஒரு குடும்பத்துக்கு. வீடு தோட்டத்துடையது, அரிசி தோட்டத்துடையது, விலையும் தோட்டம் வைத்ததே; சம்பளத்தில் பிடித்தம். காலையில் பெரட்டுக் களத்தில் தலையை எண்ணுவார்கள். எண்ணிக்கைக்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு. வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமா? துண்டு வேண்டும். இவர்களுடைய கடன் இவ்வளவு, இதைக் கட்டுகிறவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. மனிதனைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றுகிற அந்தச் சீட்டை 1921-ல்தான் ஒழித்தார்கள். லயத்தை ஒழிக்கவில்லை. 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது உள்ளே இருந்தவர்கள் அதே கூலிகளின் வம்சம். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. மலையகத் தமிழர் இலங்கைக்குப் போய் 200 ஆண்டு ஆனதை 2023-ல் நினைவுகூர்ந்தோம். காலடி மண்ணுக்கு உரிமைப் பத்திரம் இல்லாதவர்கள்தான் இன்னும் அதிகம். நீடித்து நிலைக்கும் குடியிருப்பு எது என்று போட்டி வைத்தால், லயத்தை வெல்ல ஒரு முட்டைக் கோபுரத்தாலும் முடியாது.

அந்தக் காலத்துத் துரைக்கு ஒரு வருத்தம் இருந்திருக்கும். அரிசியை அளந்து விற்றார், துணியை அளந்து விற்றார், காற்றை அளக்க வழியில்லை. பகலில் மாட்டிக்கொண்டவன் இரவில் காட்டுக்குள் ஓடிப் பிழைக்கலாம். செவ்வாயில் அந்தக் குறையும் தீர்ந்தது. காற்று குழாயில் வரும். குழாய்க்கு வால்வு இருக்கும். வால்வு யாருடையதோ அவரே துரை. ஓடுகிறவன் கதவைத் திறந்த பத்துப் பதினைந்து நொடியில் நினைவிழப்பான். தேடிப் பிடிக்க நாய்கூட வேண்டாம்.

பழங்கதை என்று தள்ளவேண்டாம். இந்தியாவில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு திருவள்ளூர் செங்கல் சூளைகளுக்கு வந்து மாட்டிக்கொண்ட குடும்பங்களை அதிகாரிகள் மீட்டுக்கொண்டே இருந்தார்கள். செவ்வாய் நகரத்துக்கு ஒத்திகை ஊர் அறிவித்த துபாயில், ஏஜென்டுக்குக் கட்டிய கடனோடு போய் இறங்கி, பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் அடுக்குக் கட்டிலில் படுத்த தமிழர்கள் எத்தனை பேர். வானுயர்ந்த கோபுரங்களின் படத்திலும் அவர்கள் இல்லை.

சட்டம் என்ன செய்யும் என்பீர்கள். 1967-ன் விண்வெளி ஒப்பந்தப்படி நிலவையும் கோள்களையும் எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. தனியார் செய்வதற்கும் அவரவர் நாடே பொறுப்பு. மஸ்க்கின் ஸ்டார்லிங்க் இணைய சேவைக்கு 2020-ல் வாடிக்கையாளரிடம் வாங்கிய ஒப்புதல் பத்திரத்தில் ஒரு ஷரத்து: செவ்வாய் ஒரு சுதந்திரக் கோள், பூமியின் எந்த அரசுக்கும் அங்கே அதிகாரமில்லை என்பதை இரு தரப்பும் ஏற்கின்றன, தகராறு வந்தால் அங்கே குடியேறும்போது வகுக்கப்போகும் சுயாட்சி நெறிகளின்படி தீர்ப்பு. வீட்டில் இணையம் வேண்டுமென்று 'சம்மதம்' என்பதை அழுத்தியவர், ஒரு கோளின் அரசியல் சட்டத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டார். நெறி வகுக்கப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2022-ல் முதலாளியின் நடத்தையைக் கண்டித்துக் கடிதம் எழுதியதற்காக ஸ்பேஸ்எக்ஸ் தங்களை வேலைநீக்கம் செய்ததாக எட்டு ஊழியர்கள் முறையிட்டார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் நடவடிக்கை எடுத்தது. மறுநாளே நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய், அந்த வாரியத்தின் அமைப்பே அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. இங்கே அரசாங்கம் பக்கத்திலேயே இருக்கும்போது இந்தப் பேச்சு. அங்கே அரசாங்கம் 20 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்.

விண்வெளி யுகத்தின் முதல் குடியிருப்புகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 2100 வரை காத்திருக்கவேண்டாம். பஸ் போகிற தூரத்திலேயே இருக்கின்றன. டெக்சாஸின் தென்கோடிக் கடற்கரையில் போகா சீகா என்றொரு சிறு கிராமம் இருந்தது, பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். 2019-ல் வீடுகளை விற்றுவிடும்படி ஸ்பேஸ்எக்ஸ் கடிதம் அனுப்பியது. மதிப்பைவிட மூன்று மடங்கு விலை. கடற்கரையின் அமைதிக்கு எந்தத் தாசில்தாரும் மதிப்புப் போட்டதில்லை. 2023 ஏப்ரல் 20 அன்று 3,000 டன்னுக்கு மேல் எரிபொருள் சுமந்த ஸ்டார்ஷிப் ராக்கெட் கிளம்பியபோது, ஏவுதளத்தின் கான்கிரீட் பெயர்ந்து பாளம் பாளமாகப் பறந்தது. மைல்கணக்கில் தள்ளியிருந்த ஊரின் கார்கள்மேல் புழுதி படிந்தது. தீப்பிழம்பைத் திருப்பிவிடும் பள்ளம் தோண்டாமலே ஏவிவிட்டார்கள். பிற கோளில் நகரம் கட்டப்போகிறவர்கள் சொந்த ஊரில் போட்ட தளத்தின் யோக்கியதை இது. 2025 மே மாதம் அந்த இடம் ஸ்டார்பேஸ் என்ற தனி நகரமானது. வாக்கெடுப்பில் ஆதரவு 212, எதிர்ப்பு 6. வாக்காளரில் பெரும்பாலோர் கம்பெனி ஆட்களும் அவர்கள் குடும்பமும். மேயரும் கம்பெனி ஊழியர், போட்டியின்றித் தேர்வு. பெரட்டுக் களத்தில் கையைத் தூக்கச் சொன்னாலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் வந்திருக்கும்.

பிரேசிலின் அல்காந்தாராவில் 1980-களில் ஏவுதளம் கட்ட, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியான 312 குடும்பங்களைக் கடலோரத்திலிருந்து பெயர்த்து, உள்நாட்டில் அரசு திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்புகளில் வைத்தார்கள். மீன் பிடித்துப் பிழைத்தவர்களுக்குக் கடல் நடைதூரத்தில் இல்லை. ஒழுங்கான வரிசை வீடுகள், சமமான மனைகள், வரைபடத்தில் குறை சொல்ல முடியாது. அந்தத் தளத்தில் 2003-ல் ராக்கெட் ஏவுமேடையிலேயே வெடித்து 21 பேர் இறந்தார்கள். நம் ஸ்ரீஹரிகோட்டாவும் ஆளில்லாத தீவாக இருந்து கிடைத்ததல்ல. 1970-ஐ ஒட்டி யானாதிப் பழங்குடிகளை அகற்றித்தான் அந்தக் காடு விண்வெளி மையமானது. ஏவுதல் வெற்றியென்று கைதட்டும்போது நானும் கைதட்டியிருக்கிறேன். சந்திரயான்-3 இறங்கிய மாலை எனக்கும் கண் கலங்கியது. அதற்காக யானாதிக்கு நேர்ந்ததைப் பேசக்கூடாது என்று எவரும் சத்தியம் வாங்கவில்லை.

நிலவின் மண் நாமக்கல் மாவட்டத்தில் கிடைக்கிறது, தெரியுமோ? சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் உள்ள அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் உதவியோடு அதை அரைத்து, இஸ்ரோ தன் கலங்களுக்கு ஒத்திகைத் தரை போட்டது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் 2020-ல் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிச் செங்கல்லுக்கு வழி கண்டது: செயற்கை நிலவு மண், யூரியா, கொத்தவரைப் பிசின், ஒருவகை பாக்டீரியா. யூரியாவை மனிதச் சிறுநீரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். விஞ்ஞானிகளின் கைவேலையில் எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. என் சந்தேகமெல்லாம் அந்தச் செங்கல்லை அடுக்கி எழுப்பும் வீட்டின் வாடகைச் சீட்டைப் பற்றியது.

அதனால் அடுத்த போட்டிக்கு நானும் ஒரு வடிவமைப்பு அனுப்பலாமென்று இருக்கிறேன். கட்டடத்தின் பெயர் லயம்-1. இடம், நிலவின் தென்துருவமோ செவ்வாயோ, முதலீட்டாளர் விருப்பம். மொத்தமும் தரைக்குக் கீழே, குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி. இருநூறு ஆண்டு சோதித்துத் தேறிய அளவு என்பதால் நடுவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள். செங்கல் குடியிருப்போரின் சிறுநீரில் வார்க்கப்படும். ஆகவே வீட்டைக் கட்டும் மூலப்பொருளும் குடியிருப்பவரே, அதற்கான செலவும் அவர் கணக்கில். மேலே, மண்மேட்டின் உச்சியில், துரை பங்களா. அதற்கு மட்டும் சன்னல். இரண்டு மீட்டர் கனத்துக்குத் தண்ணீர் நிரப்பிய இரட்டைக் கண்ணாடி. காப்பிக் கோப்பைப் பெண்மணி அங்கே நிற்கலாம். படத்தில் அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறேன்.

ஒவ்வோர் அறையின் வாசலிலும் காற்று மீட்டர். அழுகிற குழந்தை, காசநோய்க்காரர், கர்ப்பிணி ஆகியோர் கூடுதலாக இழுப்பதால் அவர்களுக்கு உயர்ந்த கட்டண அடுக்கு. பாடுவது ஆடம்பரச் செலவில் சேரும். ஆயிரம் மொசார்ட்டுக்கு விலக்குண்டு, விண்ணப்பப் படிவம் பங்களாவில் கிடைக்கும். காலையில் பெரட்டு. தலைக்காசைக் கங்காணிக்குப் பதில் ஒரு செயலி வாங்கிக்கொள்ளும். பழைய துண்டை மேம்படுத்தி மின்னணுத் துண்டாக்கியிருக்கிறேன். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கடனையும் ஆளையும் ஒரே நொடியில் மாற்றலாம். குறைதீர்ப்பு மன்றத்துக்கென ஓர் அறை ஒதுக்கியிருக்கிறேன். அதற்குக் காற்று இணைப்பு இரண்டாம் கட்டத்தில்.

கதவைப் பற்றி நடுவர்கள் கேட்பார்கள் என்பதால் விரிவாகவே எழுதியிருக்கிறேன். பயோஸ்பியரில் செய்த தவறு இதில் இல்லை: முத்திரையை உள்ளேயிருந்தோ நண்பர்கள் வெளியேயிருந்தோ உடைக்க முடியாது. பூட்டு, தவணைக் கணக்கோடு இணைந்தது. மூன்று தவணை தவறினால் எச்சரிக்கை விளக்கு எரியும். நான்காவது தவறினால் கதவு தானாகவே திறக்கும், வெளிப்பக்கமாக. எரிபொருள் செலவில்லை, கழிவு மிச்சமில்லை. அறையை அடுத்த குடும்பத்துக்கு அன்றே கொடுத்துவிடலாம். பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, பிளாட்டினம் தரத்துக்குக் குறைந்து வாங்குவதாக இல்லை.